ஏரம்பமூர்த்தி அண்ணை வானில் பூட்டிய கக்கூஸ்

நான் சொல்லப்போவது முழு உண்மை. மடு மாதா மேல் ஆணை. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சரி, ஒன்றிரண்டு சொல் இருக்கலாம். என் மனைவி றோஸ்மேரி பக்கத்தில் நின்று முழிசிப் பார்க்கிறபடியால் இதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்: அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். நான் மன்னாரில் பிடித்த ஒரு சூடை மீன் ஒக்லண்டுக்கு வந்து சேருவதற்குள் சுறாவாகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அளவுகோல் பிடிக்க எனக்கு யாரும் பழக்கவில்லை. அளவுகோல் பிடிக்கத் தெரிந்தவர் ஏரம்பமூர்த்தி அண்ணை. இது அவருடைய கதை.

எண்பத்தேழாம் ஆண்டு நவம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒக்லண்டின் பக்குரங்காவில் எங்கள் வீட்டு முற்றத்தில் அந்த வான் நின்றது. சாமான் ஏற்றுகிற வான் இல்லை. உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன அலுமாரி, மூலையில் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய கக்கூஸ், எல்லாம் வைத்துச் செய்த ஊர் சுற்றுகிற வான். அதை விற்றுத் தரச் சொல்லி அண்ணை என்னிடம் விட்டிருந்தார். மூன்று மணிக்கு வானின் பத்திரத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். வாங்க வந்த இராசநாயகமும் அவர் மனைவி வசந்தமலரும் இரண்டு மணிக்கே வந்துவிட்டார்கள்.

இராசநாயகம் சில்லுகளை உதைத்துப் பார்த்தார். அடுப்பைத் திருகிப் பார்த்தார். பிறகு மூலைக் கதவைத் திறந்தார்.

“சில்வெஸ்ரர், வான் கிழடு. கக்கூஸ் மட்டும் நேற்றுக் கலியாணம் முடிச்ச பொம்பிளை மாதிரி மினுங்குது. ஒருத்தரும் பாவிக்கேல்லையோ?”

தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த றோஸ்மேரிக்கு முகம் மாறிவிட்டது. “உந்தக் கதையை விடுங்கோப்பா” என்றாள் என்னைப் பார்த்து.

வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன் நான். ஆனால் அன்றைக்கு அதனால் மட்டும் சொல்லவில்லை. முந்தின நாளிலிருந்து என் காற்சட்டைப் பையில், முகம் துடைக்கிற கைலேஞ்சியில் முடிந்த ஒரு முடிச்சு கிடந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல்தான் சொன்னேன்.

ஏரம்பமூர்த்தி அண்ணை கொழும்பில் அரசாங்கத்தில் படம் வரைகிற உத்தியோகம் பார்த்தவர். குளத்துக்கு மதகு கட்டுவதென்றால் முதலில் அவர் கடதாசியில் கட்டி முடிப்பார். அதற்குப் பிறகுதான் சீமெந்து வரும். அவர் கீறிய கோட்டில் எறும்பு நடந்தால் அதுகூட வளையாமல் நடக்கும். எண்பத்துமூன்று கலவரத்தில் வெள்ளவத்தையில் வீடு எரிந்தபோது அவருடைய பேனைப் பெட்டியும் எரிந்தது. மனைவி குணவதி அக்காவையும் ஒரே மகள் ரதிதேவியையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். படம் வரைகிற வேலைக்கு எழுதிப் போட்டார், போட்டார், தபால்காரனுக்கு முதுகு கூனும் மட்டும் போட்டார். இந்த நாட்டு அனுபவம் இல்லை என்று எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில். கடைசியில் ஈஸ்ட் டாமாக்கியில் நான் வேலை செய்த தகர டப்பாத் தொழிற்சாலைக்கே அவரைக் கூட்டிப் போனேன். டப்பாக்களைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அதையும் அவர் கோடு கீறின மாதிரித்தான் அடுக்குவார். மேற்பார்வை செய்கிற வெள்ளைக்காரன் அந்தப் பெட்டியைப் பிரிக்க மனம் வராமல் பார்த்துக்கொண்டு நிற்பான்.

குணவதி அக்கா வேறு மாதிரி. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அவர் பக்குரங்காவில் சிரித்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் பன்மியூரில் நாய் குரைக்கும். அந்த உடம்பு சாப்பாட்டால் வந்ததில்லை. அக்காவுக்கு இருதயம் பலவீனம். உடம்பில் தண்ணீர் சேரும். கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கும். அந்தத் தண்ணீரை இறக்குவதற்கு ஒவ்வொரு நாளும் விடியக் காலை இரண்டு வெள்ளைக் குளிசை. குளிசை போட்டால் அடுத்த மூன்று மணித்தியாலம் கால் மணிக்கு ஒரு தரம் கக்கூசுக்கு ஓடவேண்டும். குளிசை போடாவிட்டால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும். அவ்வளவுதான் அந்த நெஞ்சு வருத்தம். சொல்ல லேசு.

“அது எங்களுக்கும் தெரியும்தானே” என்றார் வசந்தமலர். “அக்காவோட கோயில் பூசைக்குப் போனால் நான்தான் கதவுக்கு வெளியில காவல் நிக்கிறது.”

மகள் ரதிதேவி கலியாணம் முடித்து வெலிங்டனில் இருந்தாள். சித்திரையில் பிள்ளை பிறக்கும் என்று செய்தி வந்தது. அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும்போது தன் மடியில்தான் பிள்ளையைக் கிடத்தி வளர்த்தவேண்டும். ஆனால் எப்படிப் போவது? கொழும்பிலிருந்து வந்த பிளேனிலேயே அக்காவுக்கு மூச்சு முட்டி, இனிப் பிளேன் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ரயிலில் கக்கூஸ் உண்டு, ஆனால் முழுநாளும் காலைத் தொங்கவிட்டு இருக்கவேண்டும். பஸ்ஸில் காலும் நீட்டமுடியாது, கக்கூசும் இல்லை. கால் நீட்டிப் படுக்கக் கட்டில் வேண்டும். எட்டுகிற தூரத்தில் கக்கூஸ் வேண்டும்.

அதற்காகத்தான் அண்ணை இந்த வானை வாங்கினார். ஹொவிக்கில் ஒரு வயதுபோன வெள்ளைக்காரத் தம்பதி விற்றது. மாசிமாதம் வாங்கி, பங்குனிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, என்னையும் கூப்பிட்டு வைத்து ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். அடுப்பைப் பற்றவைத்தார். கட்டிலில் படுத்தெழும்பினார். “ஒருக்கா இதையும் பாத்திட்டு வாறன்” என்று கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

இந்த இடத்தில் ஒரு உள்வீட்டு விஷயத்தைச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் பலபேர் இங்கே வந்து எத்தனை வருஷமானாலும் கக்கூசில் கதிரையில் இருக்கிற மாதிரி இருக்கப் பழகவில்லை. இரண்டு காலையும் மேலே தூக்கிவைத்துக் குந்தினால்தான் காரியம் நடக்கும். வீட்டுக் கக்கூஸ் பீங்கான். யானை ஏறிக் குந்தினாலும் தாங்கும். வானில் இருந்தது பழைய பிளாஸ்டிக், அப்பளத்துக்கு அண்ணன்.

படார் என்று ஒரு சத்தம். நான் கதவை இழுத்துத் திறந்தேன். அண்ணையின் ஒரு கால் முழங்கால் மட்டுக்கும் கக்கூசுக்குள் இறங்கி நிற்கிறது. மற்றக் கால் சுவரில். கீழ்த் தொட்டியில் மணம் வராமல் இருக்க ஊற்றுகிற நீல மருந்து அவருடைய காற்சட்டை எல்லாம். இழுத்து எடுத்தபோது கால் கண்ணன் படத்தில் இருக்கிற கால் மாதிரி நீலமாக வந்தது. மூன்று கிழமை அந்த நிறம் போகவில்லை.

“மூண்டு நாள்” என்றாள் றோஸ்மேரி.

மூன்று நாள் போகவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணை சிரிக்கவில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு என் கையைப் பிடித்தார்.

“தம்பி, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். நான் ஏறிக் குந்தித்தான் உடைஞ்சது எண்டு ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாத. மதகு எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு கணக்குப் பாத்த மனிசன் நான். கேட்டால் சனம் காறித் துப்பும்.”

“மடு மாதா மேல ஆணை அண்ணை. உங்கட பேர் என்ர வாயில வராது” என்றேன்.

வரவில்லை. அதுதான் பிழை.

சித்திரை வருஷப்பிறப்புக்கு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நம் சனம் கூடியது. அறுபது பேர் இருக்கும். நான் வழக்கமாகச் சொன்னால் அறுநூறு. ஒவ்வொரு வருஷமும் என்னைத்தான் மேடையில் ஏற்றிப் பகிடி சொல்லச் சொல்வார்கள். என்னிடம் புதிதாக இருந்தது ஒரே ஒரு கதை. அதுவோ சத்தியத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஆளை மாத்திரம் மாற்றினேன். குணவதி அக்கா புது வானில் கக்கூஸ் பார்க்கப் போனார், இருந்தார், அவ்வளவுதான், கக்கூஸ் நாலு துண்டு, சில்லு நாலும் காற்றுப் போய்ப் படுத்துவிட்டது, பக்குரங்காக் கடைகளில் தட்டில் இருந்த போத்தல் எல்லாம் ஆடியது, வெலிங்டனில் பூமியதிர்ச்சி பார்க்கிற கந்தோரிலிருந்து போன் எடுத்து என்ன சங்கதி என்று கேட்டார்கள் என்று நான் அடித்து விட்டேன்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். இராசநாயகம் பக்கத்தில் இருந்தவரின் தொடையில் அடித்துச் சிரித்தார். வசந்தமலர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். முன் வரிசையில் இருந்த குணவதி அக்கா எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். கையைக்கூட உயர்த்தினார். “ஓம், ஓம், நான்தான்! நான்தான் உடைச்சது!” என்றார்.

பக்கத்தில் ஏரம்பமூர்த்தி அண்ணை இருந்தார். தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை வேலையில், தேத்தண்ணி நேரம், அண்ணை என் முன்னால் வந்து ஒரு அட்டையை விரித்தார். டப்பா வருகிற பெட்டியை வெட்டிய அட்டை. அதன் பின்பக்கத்தில் அந்தக் கக்கூஸ், மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்தால் பார்த்தால் எப்படி, கதவு திறந்தால் எங்கே இடிக்கும், எல்லாம் கீறியிருந்தார். நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் கீறிய முதல் படம். மண்டபத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நான் ஏதாவது ஏசுவார் என்று காத்திருந்தேன்.

“புதுசு பூட்டவேணும். பிள்ளையின்ர முப்பத்தொண்டுக்கு முன்னம். வாறியோ?” என்றார்.

ஓட்டகூகுவில் இப்படியான வான்களுக்குச் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். எத்தனை பேர் பாவிக்க என்று கடைக்காரன் கேட்டான். “ஒரு ஆள்” என்றார் அண்ணை. தெற்குத் தீவிலிருந்து வரவேண்டும், மூன்று கிழமை என்றான். அதற்குள் ரதிதேவிக்குப் பெண்பிள்ளை பிறந்துவிட்டது. அக்கா நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு இருந்தார்.

புதியது வந்து சேருமட்டும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. பழையதைப் பிடித்திருந்த நாலு ஆணியும் துருப்பிடித்துக் கறள் கட்டி இறுகிக் கிடந்தன. ஒன்றைக் கழற்ற எனக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் நான் சிறுவயதில் கேட்ட அத்தனை தூஷணமும் தேவைப்பட்டன. கழற்றிப் பார்த்தால் கீழே பலகை ஊறி உளுத்திருந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுப் பலகை போட்டோம். புதியது வந்தபோது அது பழையதைவிட மூன்று அங்குலம் உயரம். அண்ணை அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அவளின்ர கால் நிலத்தில முட்டாது. தொங்கினால் வீங்கும்.”

ஒரு படி செய்தார். அதன்மேல் கம்பளத் துண்டு ஒட்டினார். பிடித்தெழும்ப இரும்புக் குழாயில் ஒரு கைபிடி. எங்கள் ஆட்களுக்குக் கடதாசியால் திருப்தி வராது என்று தண்ணீர்க் கோப்பை ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிட்டார். அடுப்புக்கும் கக்கூசுக்கும் நடுவில் ஒரு பலகைதான் இருந்தது. இரண்டாவது பலகை அடித்தார். அந்தப் பலகையில் தொங்கிய பிள்ளையார் படத்தைக் கழற்றி முன்னால் சாரதிக்கு மேலே கொண்டுபோய் மாட்டினார். அதோடு விட்டாரா? தொழிற்சாலையில் பெட்டிக்குள் அடைக்கிற வெள்ளைப் பஞ்சு அட்டைகளைக் கொண்டுவந்து இரண்டு பலகைக்கும் நடுவில் இறுக்கி அடைத்தார்.

“இது என்னத்துக்கு அண்ணை?”

“சத்தம் வெளியில வராமல். அவளுக்குக் கூச்சம்.”

பிறகு வானுக்குக் கீழே படுத்து, நாலு மூலைக்கும் இறக்கி ஏற்றுகிற மாதிரி நாலு இரும்புக் கால் பூட்டினார்.

“இது?”

“உள்ளுக்கு ஆள் இருக்கேக்க வான் ஆடக்கூடாது.”

எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. வான் ஆடாவிட்டால் பகிடிக்கு என்ன செய்வது அண்ணை என்று கேட்டேன். அவர் திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த மூலைக்கு நகர்ந்தார்.

கடைசி நாள் மூன்று அரிசி மூடையை அதன்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் நின்றார். ஒரு கீறல் விழவில்லை. அதற்குப் பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா படியில் கால் வைத்துப் பார்த்தார். கைபிடியைத் தடவினார். சங்கிலியை ஆட்டிப் பார்த்தார்.

“என்னப்பா இது, எனக்கோ? சிம்மாசனம் மாதிரியெல்லோ இருக்கு” என்றார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு கம்பளத் துண்டின் ஓரத்தை அமத்தினார். மேடைக்கு முன்னால் சொல்லாமல் விட்டதை அவர் இந்தப் பலகையிலும் ஆணியிலும்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்குப் பசி.

வைகாசி நடுவில் ஒரு வியாழக்கிழமை விடியக் காலை புறப்பட்டார்கள். நானும் றோஸ்மேரியும் வழியனுப்பப் போனோம். அக்கா கட்டிலில் காலை நீட்டி, தலையணைமேல் வைத்து, ராணி மாதிரி இருந்தார். ஜன்னலால் என்னைக் கூப்பிட்டார்.

“சில்வெஸ்ரர் தம்பி, பயப்பிடாத. இந்தமுறை உடையாது.”

எல்லோரும் சிரித்தோம். நான்தான் கூடச் சிரித்தேன்.

வெலிங்டன் போகச் சாதாரண மனிதனுக்கு ஒரு நாள். அண்ணைக்கு மூன்று நாள். அவர் ஓட்டினால் பக்கத்து வயலில் நிற்கிற செம்மறி ஆடு முந்திக்கொண்டு போகும். அந்த மூன்று நாளைப் பற்றி அண்ணை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருதரமில்லை, நூறுதரம் சொல்லியிருக்கிறார். இந்த நூறு இழுத்த நூறு இல்லை. விடிந்ததும் வானை ஓரமாக நிறுத்தி, நாலு இரும்புக் காலையும் இறக்குவார். இரண்டு குளிசையை அக்காவின் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்ப் பேணியையும் கொடுப்பார். அக்கா இரண்டையும் கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். அண்ணை மரியாதைக்கு இறங்கிப்போய்த் தூரத்தில் நிற்பார். தண்ணீர் அடிக்கிற பம்பு சத்தம் மட்டும் லேசாகக் கேட்கும். அக்கா வெளியே வந்து, “நல்ல சுகமப்பா” என்பார். கால் மணிக்கு ஒருதரம் போவார், பம்பு அடிக்கும், வருவார். பகலில் பெற்றோல் அடிக்க நிறுத்துகிற இடத்தில் மட்டும், கொஞ்சம் நடக்க என்று இறங்கி ஒரு சுற்றுப் போய் வருவாராம்.

வெலிங்டன் போய்ச் சேரும்போது கால் வீங்கியிருந்தது. குளிர் என்று அக்கா சொன்னார். மறுநாளே முப்பத்தொன்று, பிள்ளையை மடியில் வளர்த்தினார்கள். இரண்டு மணித்தியாலம் ஒருவரிடமும் கொடுக்கவில்லையாம். அடுத்த நாள் காலை மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சு முழுக்கத் தண்ணீர். இரண்டாம் நாள் அக்கா போய்விட்டார். அந்தச் சிரிப்பு இல்லாமல் அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அவ்வளவு சின்னதாகப் போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

செத்தவீட்டுக்கு நானும் போனேன். வருகிற ஒவ்வொருவரிடமும் அண்ணை ஒன்றைத்தான் சொன்னார். “எரிஞ்ச வீட்டில இருந்து கூட்டிக்கொண்டு வந்தனான். அவளுக்கு இந்த நாட்டில நான் ஒண்டும் செய்து குடுக்கேல்லை. ஆனால் கடைசி மூண்டு நாளும் ஒரு கஷ்டமில்லாமல் வந்தவள். அதை நான் என்ர கையால செய்து குடுத்தனான்.” சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் காட்டுவார். நாலாக மடித்து வைத்திருந்தார். இப்போதும் வைத்திருக்கிறார். டப்பா அடுக்குகிற இடத்தில் நடுவில் வேலையை விட்டு எடுத்துப் பார்ப்பார்.

வானை நான்தான் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தேன். அண்ணை அதன் பின்கதவை அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. நேற்று, சனிக்கிழமை, இராசநாயகமும் வசந்தமலரும் பார்க்க வருகிறார்கள் என்று நான் கழுவத் தொடங்கினேன். கீழ்த் தொட்டியைக் கழற்றும்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் கழற்றினேன். ஆறு மாசம் கிடந்த தொட்டி.

ஊற்றினேன். நீலத் தண்ணீர் வந்தது. நல்ல நீலம், வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற நீலம் மாதிரி. அதோடு வேறொன்றும் வரவில்லை. மணம்கூட இல்லை. அக்கா அந்த மூன்று நாளும் உள்ளே போய், கதவைச் சாத்தி, பம்பை மட்டும் அடித்திருக்கிறார்.

கடதாசி உருளை ஒன்று சுவரில் இருந்தது, பிரிக்காமல். அதைக் கழற்றினேன். நடு ஓட்டைக்குள் ஒரு கைலேஞ்சி முடிச்சு அடைத்துக் கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். ஆறு குளிசை. விடியலுக்கு இரண்டு, மூன்று விடியல்.

நான் காற்சட்டைப் பையிலிருந்து அந்த முடிச்சை எடுத்துத் தேத்தண்ணீர்த் தட்டில் வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. இராசநாயகம் பாதி குடித்த கோப்பையைக் கீழே வைத்தார்.

“இதில எவ்வளவு இழுத்தனீ?” என்றார் இராசநாயகம்.

“தட்டில கிடக்கிறதை எண்ணிப் பாருங்கோ” என்றேன்.

மணி இரண்டே முக்கால். “அண்ணை மூண்டு மணிக்கு வாறார். நான் இதைக் குடுக்கிறதோ, இல்லாட்டி ஆத்தில எறியிறதோ? எனக்குப் படிப்பில்லை. நீங்கள் படிச்ச ஆக்கள், சொல்லுங்கோ.”

“எறியுங்கோ” என்றாள் றோஸ்மேரி உடனே. “நேற்றே சொன்னனான். அந்த மனிசன் உயிரோட இருக்கிறதே அந்த அட்டையைப் பிடிச்சுக்கொண்டுதான். அதையும் பறிக்கப் போறியளோ?”

“எப்பிடி எறியிறது?” என்றார் வசந்தமலர். “பெண்சாதி என்னத்தால செத்தவள் எண்டு புருஷனுக்குத் தெரிய வேண்டாமோ? நாளைக்கு எங்களுக்கு ஒருத்தர் இப்பிடி மறைச்சால் விடுவமோ?”

“என்னத்தால செத்தவ எண்டு இவருக்கு என்ன தெரியும்?” இராசநாயகம் எழும்பிவிட்டார். “இருதயம் முதலே பலவீனம். இவர் என்ன டொக்டரோ? ஆறு குளிசையைக் கண்டிட்டுக் கதை கட்டுறார்.”

“அப்ப ஏன் போடேல்லை? ஏன் ஒருதரமும் பாவிக்கேல்லை?” என்றேன்.

“அடுப்புக்குப் பக்கத்தில எண்டுதான்” என்றார் இராசநாயகம். “அக்கா ஆசாரம் பாக்கிற மனிசி. சமைக்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கக்கூஸ் எண்டால் எந்தச் சைவக்காரி போவாள்? உங்கட ஆக்களுக்கு அது விளங்காது.”

“ஓகோ, நாங்கள் வேதக்காரர், எங்களுக்கு விளங்காது” என்றாள் றோஸ்மேரி. தட்டு மேசையில் அதிர்ந்தது. “ஆசாரம் இல்லை அண்ணை, வெக்கம்! அறுபது பேருக்கு முன்னால வைச்சுச் சிரிச்சால் எந்தப் பொம்பிளை பிறகு அதில இருப்பாள்? உடைஞ்சால் என்ன செய்யிறது, ஆடினால் என்ன செய்யிறது எண்டு பயந்தே செத்திருக்கிறா!”

“அது உன்ர புருஷன் சொன்ன பகிடி!” என்றார் வசந்தமலர்.

“ஓம், என்ர மனிசன் சொன்னது! சிரிச்சது ஆர்? சேலைத் தலைப்பால கண் துடைச்சது ஆர்? கதவுக்கு வெளியில காவல் நிண்டனான் எண்டு சொன்னீங்களே, அண்டைக்கு எங்க நிண்டனீங்கள்?”

வசந்தமலரின் முகம் சிவந்துவிட்டது. “நான் சிரிச்சன். நீ அழுதனியோ? உன்ர பல்லும் தெரிஞ்சதுதானே!”

“பொம்பிளையள் சும்மா இருங்கோ” என்றார் இராசநாயகம். “எல்லாத்துக்கும் காரணம் ஏரம்பமூர்த்திதான். உடைச்சவன் அவன். பக்கத்தில கல்லு மாதிரி இருந்திட்டான். ‘நான்தான்’ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்...”

“வாயை மூடுங்கோ!” என்றேன் நான். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. “அவரை ஒண்டும் சொல்லக்கூடாது. என்னைச் சொல்லுங்கோ!”

“உன்னைத்தான் சொல்லவேணும்! மடு மாதா மேல ஆணையாம்!” என்றார் இராசநாயகம்.

“மாதாவை இழுக்காதையுங்கோ!” என்று றோஸ்மேரி கத்தினாள்.

“எனக்கு வானும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். எழும்பு வசந்தி!”

“நான் எழும்பமாட்டன். அவர் வரட்டும், நானே சொல்லுறன்!” என்று வசந்தமலர் முடிச்சை எட்டிப் பிடித்தார். றோஸ்மேரி அவருடைய கையைப் பிடித்தாள். கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வாசல் படலைக் கொழுக்கி திறக்கிற சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. பத்திரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, படலையை மெல்ல, சரி நேராகச் சாத்தி, கொழுக்கியைப் போட்டுக்கொண்டிருந்தார் அண்ணை.

“விடடி கையை!” என்றார் வசந்தமலர், முடிச்சை விடாமல்.

“நீ விடு முதல்ல!”